வரிசையின் கடைசியில் எழுதிய பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் குழுத் தலைவர் ஐயா அவர்களே, வெகுதூரத்திலிருந்து வந்து இன்னும் பயணப் பையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் அண்ணாவின் தங்கை அவர்களே, இருபத்து நான்கு வீட்டுப் பெரியவர்களே, இந்தச் சுவர்களைச் செங்கல் செங்கல்லாக எழுப்பிய கொத்தனார் அவர்களே, வீடு கிடைக்காமல் காத்திருந்தும் இந்த மனிதருக்காக வந்து பின் வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பானவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடை ஏறிப் பழகியவள் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்துபோயிற்று. மீதிப் படிப்பை என் பிள்ளைகள் படித்துக் கீழே போட்ட புத்தகங்களில் படித்துக்கொண்டேன். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு. அதனால்தான் இந்தக் குழு என்னைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் கையில் கொடுத்தது. இன்று பேசுவதையும் எழுதித்தான் கொண்டு வந்திருக்கிறேன். எழுதாமல் நின்றால் அழத்தான் வரும்.

இந்தப் பொது அறையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தவர் யார்? நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளின் கைப்பிடி இத்தனை உயரம் இருந்தால்தான் ஊன்றி எழ முடியும் என்று தச்சரோடு மூன்று நாள் சண்டை போட்டவர் யார்? அவரை இன்று இதே அறையில், இதே சுவரில், ஒரு படமாக மாட்டி வைத்திருக்கிறோமே! இந்தச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பூச்சு உதிரும் என்று சொன்னவரும் அவர்தான். அவருக்காகத்தான் முதல் ஆணியை அடித்தோம்!

டேப் அண்ணா! சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், அளவு டேப் இல்லாமல் வரமாட்டார். அதனால் எல்லோருக்கும் அவர் டேப் அண்ணா. பெரியவர்களுக்கு டேப் தம்பி. பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அவர். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பிளான் போட்டுக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் அத்தனையையும் விட்டுவிட்டு, வயதானவர்கள் சேர்ந்து வாழ ஒரு குடியிருப்புக் கட்ட வேண்டும் என்று கிளம்பினார். கிளம்பி அவர் முதலில் வந்தது என் வீட்டுக்கு.

என் கணவரோடு படித்தவர் என்ற முறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் அப்போது கூடத்துச் சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மாமியாருக்கு அன்று எழுபத்தெட்டு வயது. கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பார். அவர் கை பட்ட இடமெல்லாம் கறுப்பாக ஒரு பட்டை விழும். வாராவாரம் தேய்ப்பேன், வாராவாரம் முணுமுணுப்பேன். அண்ணா வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அய்யய்யோ, துடைக்காதீங்கம்மா! நில்லுங்க, நில்லுங்க!"

"ஏண்ணா, அழுக்குதானே?"

"அழுக்கா? இந்த வீட்ல இதுதாங்க ஒரே ஒழுங்கான பிளான்!"

டேப்பை இழுத்துத் தரையிலிருந்து அந்தப் பட்டைக்கு அளந்தார். முப்பத்து மூன்று அங்குலம். எங்கே பட்டை அடர்த்தியாக இருக்கிறது, எங்கே விட்டுப் போகிறது, கதவருகில் விரல் ஐந்தும் தனித்தனியாக எப்படிப் பதிந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் குறித்தார். என் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன். நான் எங்க கை வைக்கிறேன்னு இன்னிக்குத்தான் ஒருத்தன் பாக்குறான்." எனக்குச் சுருக்கென்றது. தேய்த்துக்கொண்டிருந்த துணி என் கையில்தானே இருந்தது!

இந்த வளாகத்தில் நீங்கள் பிடித்து நடக்கிற கைப்பிடிக் கம்பி முப்பத்து மூன்று அங்குல உயரத்தில் ஓடுகிறது. இந்த அளவு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அனுமதி தர வந்த அதிகாரி கேட்டதற்கு, "ஒரு அம்மா கையில இருக்குங்க" என்று அண்ணா பதில் சொன்னார்.

பிறகு இந்த நிலம். அன்று வெறும் புல்லும் கல்லும். காகிதத்தில் பிளான் போட்டுக் காட்டினால் பெரியவர்களுக்குப் புரியாது என்று, சுண்ணாம்புப் பொடியால் ஒவ்வொரு வீட்டையும் தரையிலேயே முழு அளவில் கோடு போட்டார். இது கட்டில், இது அடுப்பு, இது கதவு. வாக்கர் வைத்திருந்தவர்களை வாக்கரோடு அந்தக் கோடுகளுக்குள் நடக்கவிட்டார். அடித்துச் சொல்கிறேன், அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நம் டிரைவர் ஐயா, முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர், கோட்டுக்குள் வந்து நின்றுகொண்டு கேட்டார்:

"தம்பி, இது வீடா, பஸ் ஸ்டாண்டா? ரிவர்ஸ் எடுக்கவே எடம் இல்லையே!"

"கட்டில்ல படுத்துப் பாருங்க ஐயா. ஜன்னல் வழியா தோட்டம் தெரியும்."

"தோட்டம் எதுக்கு எனக்கு? மரம் எங்கயாச்சும் போகுமா, வருமா? போற வர்ற வண்டி தெரியணும்பா. ஆளு நடமாட்டம் தெரியணும். உயிரோட இருக்கும்போதே என்னை எதுக்கு மரத்தடியில வைக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணா சிரிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்து அன்று போட்ட கோடுகள் முழுவதையும் அவரே கூட்டி அழித்தார். ஆறு மாதம் யோசித்துப் போட்ட பிளான்! மறு வாரம் புதுக் கோட்டில் எல்லா வீடும் திரும்பி நின்றது. முன் அறை தெருவைப் பார்த்தது. சமையலறை நடைபாதையைப் பார்த்தது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னல், அந்தப் பக்கம் நேர் எதிரே இன்னொரு வீட்டுச் சமையலறை ஜன்னல். காலையில் ஏழரைக்குள் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் எதிர் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட வேண்டும். எதிர் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இவரிடம் இருக்கும், இவர் சாவி அவரிடம் இருக்கும். மணி இல்லை, இயந்திரம் இல்லை, காவலாள் இல்லை. ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

அந்த ஜன்னல் என்ன செய்தது என்று தையல்காரர் ஐயாவைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, எதிரே டிரைவர் வீட்டு ஜன்னல் மூடியே இருந்தது. "யோவ், வண்டி இன்னும் எடுக்கலையா?" என்று கத்தினார். சாவி போட்டுத் திறந்தால், டிரைவர் ஐயா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார். தரை ஈரம், உடம்பு சில்லிட்டுவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். இதோ, முன் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். நன்றாக இருங்கள் ஐயா! நூறு வயது இருங்கள்!

இங்கே வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று குழுவில் பேசினோம். ஆளுக்கொரு யோசனை: மாலை போடலாம், பாட்டுப் பாடலாம், பெயர் எழுதிய பலகை வைக்கலாம். அண்ணா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "வந்தவங்ககிட்ட அன்னிக்கே ஒரு உதவி கேளுங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "வீட்ல எல்லாரும் அவங்களுக்கு எல்லாத்தையும் செஞ்சு செஞ்சு, ஒண்ணுக்கும் உதவாதவங்கன்னு ஆக்கி அனுப்பியிருப்பாங்க. இங்கயாவது யாராச்சும் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டும்."

என் மாமியார் இங்கே வந்த அன்று பெட்டியைத் திறக்கவே இல்லை. "என்னைக் கொண்டாந்து தள்ளிட்டே இல்ல" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது தையல்காரர் ஐயா ஒரு சட்டையோடு வந்தார்.

"அக்கா, இந்தப் பட்டன் அறுந்துபோச்சு. கொஞ்சம் தெச்சுக் குடுப்பீங்களா?"

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"தையல் கடை வெச்சிருந்தேங்க்கா."

"தையல்காரருக்கு நான் பட்டன் தெக்கணுமா? சொல்ல வெக்கமா இல்ல?"

"வெக்கம் இருக்குக்கா. பட்டன்தான் இல்ல."

பெட்டி திறந்தது. ஊசி நூல் டப்பா அடியில் இருந்ததால் புடவை, போர்வை, மருந்து எல்லாம் வெளியே வந்தன. மூன்று வருடம் இந்த இடத்தில் மகாராணியாக வாழ்ந்துவிட்டு, தூக்கத்தில் போனார் என் மாமியார். காலையில் ஏழே முக்காலுக்கு எதிர் வீட்டம்மா கதவைத் தட்டிவிட்டார். அவர் போன செய்தி எட்டு மணிக்கெல்லாம் எனக்கு வந்துவிட்டது. அவர் வீடு பதிவேட்டில் அடுத்த பெயருக்குப் போனது.

அன்பானவர்களே, இதுவரை நான் சொன்னது உங்களுக்கும் தெரிந்ததுதான். இனிமேல் சொல்லப்போவது எனக்கும் அண்ணாவுக்கும் மட்டும் தெரிந்தது. இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் கும்பிடும் கடவுள் முகத்தில் நான் விழிக்க முடியாது.

இருபத்து நான்கு வீட்டுக்கு அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். பதிவேடு புதிதாக வந்த அன்று, பேனா எழுதுகிறதா பார்ப்போம் என்று முதல் பக்கத்தில் முதல் எண்ணில் தன் பெயரை எழுதியவர் அண்ணா. அவருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஒரே தங்கை கண்காணாத தூரத்தில். மூன்றாம் மாடியில் ஒரு வாடகை அறை.

அப்போது ஊரில் பேச்சுக் கிளம்பியது. கட்டுகிறவர்களே நல்ல வீடாகப் பார்த்து எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று. எனக்கு ரோஷம் வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வேலையில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் அவர் பெயர் வரிசையில் கடைசியாகத்தான் வர வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவந்தவள் நான். முதலில் கை தட்டியவர் அவர். "ஆடிட்டர் அம்மா சொன்னா சொன்னதுதான்" என்று சிரித்தார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். முதல் எண்ணில் இருந்த பெயரை ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன். அறுபத்திரண்டாவதாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினேன். அன்று இரவு கடவுளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்: பார்த்தாயா, எங்கள் கை சுத்தம்!

போன வருடம் ஒன்பதாம் எண் வீடு காலியானது. அங்கிருந்த அம்மாவை மகள் வந்து அழைத்துப்போனாள். அந்த வாரம் ஒரு மத்தியானம் அண்ணா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சமையலறை வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆடிட்டர் அம்மா, எங்க வீட்டுப் படி மொத்தம் அம்பத்து நாலு. தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாத்தையும் அளக்கிறீங்க, படியை எண்ணாம விடுவீங்களா?"

"முன்னாடி எண்ணினதில்ல. இப்பதான் எண்ண வேண்டியிருக்கு." பிறகு கேட்டார்: "ஒம்பதாம் நம்பர் யாருக்குப் போகுது?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அன்பானவர்களே! திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏண்ணா, உங்களுக்கு முன்னால முப்பத்தாறு பேர் இருக்காங்க. ரூலுக்கு முதல்ல கை தட்டினது யாரு?"

"சரிதான், சரிதான். சும்மா கேட்டேம்மா" என்றார். போய்விட்டார்.

அவர் எனக்குத் தெரிந்து தனக்கென்று ஒன்று கேட்டது அந்த ஒரு முறைதான். மற்றவர் கை சுவரில் எங்கே படுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்த மனிதர், என் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் பார்த்தேனா? பார்த்தேனா?

ஒன்பதாம் வீடு வரிசைப்படி தபால்காரர் ஐயாவுக்குப் போனது. ஐயா, நீங்கள் நேற்று என்னிடம் வந்து வீட்டைக் காலி செய்துவிடுகிறேன் என்று அழுதீர்கள். வேண்டாம். அந்த வீடு உங்களுடையது. உங்கள் மேல் துளிக் குற்றமில்லை. அந்தக் குற்றம் என் கையெழுத்தில் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால், புதன்கிழமை. ஒவ்வொரு புதனும் காலையில் அவர் இங்கே வந்து ஒவ்வொரு வீடாக, எந்தக் கதவு இடிக்கிறது, எந்தத் தரை வழுக்குகிறது என்று கேட்டுக்கொண்டு போவார். அந்தப் புதன் வரவில்லை. தங்கையின் ஊருக்குப் போயிருப்பார் என்றோம். வியாழக்கிழமையும் அதையேதான் சொன்னோம். வெள்ளிக்கிழமை காலை கொத்தனார்தான், "எனக்கு மனசே சரியில்லம்மா, நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று போனார். கடப்பாரையால் கதவை உடைக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை விழுந்திருக்கிறார். புதன்கிழமை முழுவதும் உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், கதவைப் பார்த்துக் கிடந்தார்.

நான் அந்த அறைக்குப் போனேன். ஒரே ஒரு ஜன்னல். எதிரே ஒரு குடோனின் பின்சுவர். இருபத்து நான்கு வீட்டுக்கு எதிர் ஜன்னல் வைத்துக் கொடுத்தவருக்கு, எதிரே சுவர்! அவர் ஜன்னலைத் திறந்தாரா இல்லையா என்று பார்க்க ஒரு கண் உண்டா இந்த உலகத்தில்? ஏழரைக்கு யார் தட்டினோம்? எட்டுக்கு யார் தட்டினோம்? புதன் போய், வியாழன் போய், யார் தட்டினோம்?

படியில் இறங்கும்போது பார்த்தேன். ஐம்பத்து நான்கு படிக்கும் பக்கத்துச் சுவரில், கறுப்பாக, அடர்த்தியாக, ஒரு பட்டை. கைப்பிடிக் கம்பி இல்லாத படிக்கட்டு. திருப்பத்தில் ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் ஐயா எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க ரூல்படிதானேம்மா செஞ்சீங்க" என்றார். பெரிய மனதோடு சொன்னார். ஆனால் ஐயா, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ரூல்படி செய்தேன். ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். பக்கத்துக்குப் பக்கம் சரி பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மனிதர்தான் இல்லை.

கடவுளிடம் கேட்டேன். தினமும் இரண்டு வேளை கேட்கிறேன். எனக்கு இதுவரை பதில் வரவில்லை. வரும் என்ற எண்ணமும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டத்தில், அவர் விட்டுச் சென்ற பணியை நாங்கள் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. பின்பக்க நிலத்தில் இரண்டாம் வரிசை வீடுகள் எழும் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அதற்கு அவர் போட்ட கோடு போன மழையிலேயே கரைந்துவிட்டது. காகிதத்தில் அவர் எதையும் வைக்கவில்லை, எல்லாம் அவர் தலையில் இருந்தது. இன்னும் முப்பத்தைந்து பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வீடு கிடைக்கும்? எனக்குத் தெரியவில்லை. கிடைக்காமலே போகலாம்.

ஒன்று மட்டும் செய்தேன். கடைசி என்ற அந்த விதியை நேற்று அடித்துவிட்டேன். தலைவரைக்கூடக் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும். பிறகு அந்த முப்பத்தைந்து பேரையும் ஒவ்வொருவராகப் போனில் அழைத்தேன். இத்தனை வருடம் அவர்களின் வரிசை எண்ணை மட்டும் பார்த்த நான், நேற்றுத்தான் வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பதினொரு பேர் தனியாக இருக்கிறார்கள். பதினொரு பேர்! வரிசையில் எட்டாவதாக இருக்கும் டைப்பிஸ்ட் அக்கா இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். "கட்டாயம் வரேம்மா. எனக்கும் ஒரு வீட்டுக்குக் கோடு போட்டுக் காட்டின மனுஷன். முன்னாடியே வந்து எடம் பிடிச்சு உக்காந்துடுவேன்" என்று சொன்னார்.

பேசத் தொடங்கியதிலிருந்து நான் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முன் வரிசையில் இல்லை. பின் வரிசையில் இல்லை. வாசலில் நிற்பவர்களே, வெளியே நடைபாதையில் யாராவது இருக்கிறார்களா பாருங்கள்... இல்லையா?

பஸ் கிடைக்காமல் இருக்கலாம். கால் வலி என்று படுத்திருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம். அண்ணா விஷயத்திலும் நாம் இப்படித்தான் ஒரு காரணம் வைத்திருந்தோம், புதனும் வியாழனும்.

எழுதி வந்ததில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. அதை நான் படிக்கப்போவதில்லை. அடுத்து எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நீங்கள் நில்லுங்கள். என்னால் நிற்க முடியாது. அண்ணாவின் தங்கை அவர்களே, உங்கள் முன்னால் பாதியில் இறங்கிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் ஐயா, அந்தக் கடப்பாரை உங்கள் வண்டியில்தானே இருக்கிறது? வாருங்கள், போகலாம்.